நாகைக் கடலும் சபுராளிகளின் கடிதங்களும்

கப்பல் செலுத்துபவரைத் தமிழில் ‘மாலுமி’ என்கிறோம். அரபியிலுள்ள ‘முஅல்லிம்’ என்னும் சொல்லே நம் கரையேறி இவ்வடிவம் பெற்றது. கற்பிப்பவர் என்பது அதன் நேர்ப்பொருள். விண்மீன்களின் நிலையையும் காற்றின் போக்கையும் கணித்துக் கலத்திற்கு வழிகாட்டியவரை இந்தியப் பெருங்கடலில் அப்பெயரால் அழைத்தனர். மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டக் கற்பிக்கும் நம்மையும் அச்சொல்லால்தான் அழைக்கின்றனர். அதில் நமக்கு உள்ளூர ஒரு பெருமிதம் உண்டு. சுக்கான் அரபுச் சொல். நங்கூரம் பாரசீகத்தின் ‘லங்கர்’ என்பதிலிருந்து வந்தது. நாகுதாவும் அவ்வழி வந்ததே. மரக்காயர் என்னும் பெயரை மரக்கலத்தோடு சேர்த்துப் பொருள் கொள்வோரும் உளர். ‘மர்கப்’ என்னும் அரபுச் சொல்லோடு சேர்ப்போரும் உளர். எப்படிக் கொண்டாலும் அது கலத்தையே குறிக்கும்.

இவற்றையெல்லாம் இந்தக் கோடையில் மீண்டும் எண்ணிப் பார்க்க நேர்ந்ததற்கு எம் தமக்கையின் மகனே காரணம். சென்னையில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் பணி அவருக்கு. ஓய்வு நாள்களில் கேமராவும் கையுமாகத் துறைமுகப் பக்கம் திரிந்து கப்பல்களைப் படமெடுப்பது பொழுதுபோக்கு. விடுப்பெடுத்துக்கொண்டு நாகூரில் எம் வீட்டில் வந்து தங்கினார். ‘மாமா, நம் ஊர்க் கப்பல்களைப் படமெடுக்க வேண்டும்’ என்றார். காலையில் கோடைக்கால மக்தப் வகுப்பு நமக்கு இருந்தது. அது முடிந்து, லுஹருக்குப் பின் அவரோடு புறப்படுவது வழக்கமாயிற்று.

மத்ரஸா ஆசிரியர் கேமராவுக்குத் துணை போகலாமா என்று சிலர் கேட்டனர். உயிருள்ளவற்றின் உருவம் பற்றி மார்க்க அறிஞர்களிடையே நீண்ட விவாதம் உண்டு. ஒளிப்படம் அதில் அடங்குமா என்பதிலும் இரு கருத்துகள் உண்டு. ஆனால் மரம், மலை, கப்பல் போன்ற உயிரற்ற பொருள்களைப் படமாக்குவதில் தடையில்லை. கப்பலோ இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாக அல்குர்ஆனில் பல இடங்களில் நினைவூட்டப்படுவது. எனவே கப்பலைப் படமெடுப்பவர் பின்னால் குடை பிடித்துச் செல்வதில் நமக்கு யாதொரு தயக்கமும் இருக்கவில்லை.

தயக்கம் இல்லாவிட்டாலும் கப்பலும் இருக்கவேண்டுமே! நாகப்பட்டினம் கடற்கரையில் மீன்பிடி விசைப்படகுகளும் கண்ணாடியிழைப் படகுகளுமே நின்றன. 2023 அக்டோபரில் காங்கேசன்துறைக்குத் தொடங்கிய பயணியர் படகுச் சேவை பற்றிய பேச்சு கடைத்தெருவில் இருந்தது. வடக்கே வாஞ்சூர்ப் பக்கம் காரைக்கால் துறைமுகத்திற்கு வரும் நிலக்கரிக் கப்பல்கள் தொலைவில் சாம்பல் நிறக் கோடுகளாகத் தெரிந்தன. பிள்ளையின் முகம் வாடிவிட்டது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் கப்பலேறிய ஊர் இதுதானா என்று கேட்டார்.

இதுதான். ஆனால் அக்காலத்திலும் பெருங்கப்பல்கள் கரையை அணைந்ததில்லை. ஆழமின்மையால் அவை வெகுதொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆள்களையும் மூட்டைகளையும் படகுகளில் ஏற்றிக் கப்பலடியில் சேர்ப்பார்கள். அலை எழும்பித் தாழும்போது, படகு உயரும் நொடி பார்த்துக் கப்பலின் ஏணியில் கால் வைக்கவேண்டும். ஆகவே நாகையிலிருந்து சபுர் போன ஒருவருக்கு ஊரின் கடைசிக் காட்சி கப்பல்துறை அன்று. படகின் ஆட்டமும், அதற்கப்பால் நாகூர் மனாராக்களும்தான். அவற்றுள் 131 அடி உயரமுள்ள பெரிய மனாராவைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் (ஆட்சிக்காலம் 1739 – 1763). கந்தூரிக் காலத்தில் நாகையிலிருந்து நாகூருக்கு வரும் ஊர்வலத்தில் கப்பல் வடிவ ரதங்கள் வருவதை வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். கந்தூரி பற்றிய மார்க்கச் சர்ச்சை இங்கே நம் பேச்சன்று. ஓர் ஊர் தன் ஊர்வலத்தில்கூடக் கப்பலைத் தூக்கிக்கொண்டு வருகிறது என்றால், அவ்வூருக்குக் கப்பல் என்னவாக இருந்தது என்பதே நாம் கவனிப்பது.

நம் சமுதாயத்தின் கடல் வரலாற்றைப் பேசும் மேடைகளில் காயலும் கீழக்கரையும் தவறாமல் வரும், வரவேண்டியவையே. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ காயலைப் பற்றி எழுதியபோது, ஹோர்முஸ், கிஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றி வரும் கப்பல்கள் அங்கு வந்தடைவதைக் குறித்தார். பாண்டிய அரசில் அமைச்சராக இருந்த தகியுத்தீன் அப்துர் ரஹ்மானின் செல்வாக்கும் அக்குதிரை வாணிகத்தோடு பிணைந்தது. கீழக்கரையின் வள்ளல் சீதக்காதி, உமறுப்புலவரைப் புரந்ததற்காக இன்றும் நினைக்கப்படுகிறார். அவர் கொடுத்த கொடைக்குப் பின்னே கடல் வாணிகம் நின்றது. சோழமண்டலக் கரையிலிருந்து துணி ஏற்றிச்சென்று அச்சே, கெடா, மலாக்கா ஆகிய துறைகளில் விற்று, ஈயமும் பாக்கும் மிளகும் கொண்டுவந்தனர் நம்மவர். யானைகளைக்கூடக் கப்பலேற்றிக் கொண்டுவந்திருக்கின்றனர்.

மேடையில் இதுவரை பேசிவிட்டு அமர்ந்துவிடுகிறோம். அதன்பின் நடந்ததுதான் நம் குடும்பங்களின் வரலாறு. அதைப் பேசுவோர் குறைவு. 1786இல் ஆங்கிலேயர் பினாங்கில் குடியேற்றம் அமைத்தபின், சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 1300 முதல் 2000 பேர் வரை அங்கு வந்து, உழைத்துச் சில வெள்ளிகள் சேர்த்துக்கொண்டு திரும்புவதாக அதன் நிறுவனர் பிரான்சிஸ் லைட் 1794இல் எழுதினார். அவர்களைச் சூலியர் என்றனர். 1801இல் அங்கு எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் 1826இல் தோன்றிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும், அதையடுத்த சில ஆண்டுகளில் தெலுக் ஆயர் வீதியில் எழுந்த நாகூர் தர்காவும் அவர்கள் விட்டுச்சென்ற அடையாளங்கள். அந்நாளில் அவர்கள் ஏறிச்சென்ற பாய்க்கப்பல்களுள் பல நம்மவர்க்கே உரியவை.

பிறகு நீராவி வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பெரும் முதலீடும் அரசின் அஞ்சல் ஒப்பந்தமும் பெற்ற ஆங்கிலக் குழுமங்களின் கப்பல்கள் குறித்த நாளில் வந்து குறித்த நாளில் சென்றன. காற்றுக்குக் காத்திருக்கும் மரக்கலம் அவற்றோடு எப்படிப் போட்டியிடும்? கைத்தறித் துணிக்கு ஆலைத்துணி எமனாக வந்ததுபோல் இதுவும் வந்தது. இரண்டு மூன்று தலைமுறைக்குள் கப்பலுக்கு உரியவர்களாயிருந்தோர் கப்பலில் சீட்டு வாங்குவோர் ஆயினர். அதுவும் மேல்தளச் சீட்டு! இவ்வீழ்ச்சியை நம் வரலாற்று நூல்கள் இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன. நமக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை.

அந்தச் சீட்டுகளில் பெரும்பாலானவை ‘ராஜுலா’வின் சீட்டுகள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்டு 1926இல் ஓடத் தொடங்கிய கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போய்த் திரும்பும். அறைகளில் பயணம் செய்தோர் சிலரே. மேல்தளத்தில் பாய் விரித்துச் சென்றோர் ஆயிரக்கணக்கானோர். இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களைச் சுமந்து, மீண்டும் பழைய வழிக்கே வந்து, 1973இல் இந்தியக் கப்பல் கழகத்தின் கைக்கு மாறி, அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு! அதன் இடத்துக்கு வந்த ‘சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் கடலில் தீப்பற்றியது, பலர் மாண்டனர். மலாய் நாட்டுக்கு நாகையிலிருந்து கப்பலேறும் காலம் அத்தோடு முடிந்தது.

மேல்தளப் பயணியரின் தொழுகையைப் பற்றி முன்பு எம் ஊர்ப் பெரியவர் ஒருவர் கூறியது நினைவுக்கு வருகிறது. கப்பல் திரும்பும்போது தொழுபவரும் கிப்லாவை நோக்கித் திரும்பிக்கொள்ளவேண்டும் என்பது சட்டம். கிழக்கே செல்லும் கப்பலில் கிப்லா எப்போதும் பின்னால், அதாவது விட்டுவந்த ஊர்ப்பக்கம் இருக்கும். வரைபடத்தை விரித்துக் கணக்கிட்டுப் பார்த்தோம். பினாங்கில் நிற்பவருக்குக் கிப்லாவின் திசையும் நாகைக் கடற்கரையின் திசையும் ஏறக்குறைய ஒன்றே; ஐந்தாறு பாகைதான் வேறுபாடு. ஆக, பினாங்கில் ஒரு சபுராளி ஐந்து வேளை தக்பீர் கட்டியபோதெல்லாம் அவர் முகம் இருந்தது தன் மனைவி மக்கள் இருந்த பக்கம்தான். பெரியவர் இதை அளந்து சொன்னாரா, உணர்ந்து சொன்னாரா, அல்லாஹ்வே அறிவான்.

கப்பலே காணாத பிள்ளையைத் தேற்ற, மக்தப்புக்கு இரண்டு நாள் விடுமுறை விட்டுத் தூத்துக்குடிக்கு அழைத்துச் சென்றோம். அங்கே பழைய துறைமுகத்தில் இன்னும் மரத்தோணிகள் உள்ளன. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் காய்கறி, வெங்காயம், கட்டுமானப் பொருள்கள் முதலியவற்றை ஏற்றிச்செல்பவை. தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் மாதங்களில் கடலோடாமல் கரையில் நிற்கும். நாம் சென்றது அப்பருவத்தின் தொடக்கம். ஆகவே வரிசையாக நின்றன. பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பத்துப் பார்த்துக்கொண்டிருந்தனர் தச்சர்கள். தோணியின் தலைவரைத் தண்டல் என்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் பரதவ கிறித்தவர். எம் தாடியையும் தொப்பியையும் பார்த்து ‘பாய், உட்காருங்கள்’ என்று நிழலில் இடம் கொடுத்துத் தேநீர் வருவித்தனர். பிள்ளை அன்று மாலைவரை நானூறு படம் எடுத்திருப்பார். நமக்கோ அந்தக் கரையில் வேறொன்று நினைவில் ஓடியது. 1906இல் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் குழுமத்தைத் தொடங்கியபோது பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய். ஹாஜி பக்கீர் முகமது சேட் என்பவர் 8000 பங்குகளை வாங்கினார். இரண்டு இலட்சம் ரூபாய்! கப்பலை இழந்த வலி எங்கோ ஆழத்தில் இருந்தால்தான் இப்படிப் பணம் புறப்படும் என்று நாம் கருதுகிறோம். அவர் உள்ளத்தில் இருந்தது இலாப நோக்கமாகவும் இருக்கலாம். வணிகருக்கு அது குற்றமன்று.

ஊர் திரும்பியபின் எம் தமக்கை, கப்பலைத் தேடி ஊர் ஊராக அலைகிறீர்களே, பரணில் ஒரு கப்பல் கிடக்கிறது என்றார். பாட்டனாரின் டிரங்குப் பெட்டி. தகரத்தில் வெள்ளை எழுத்தில் பெயரும் ‘பினாங்கு’ என்ற சொல்லும் மங்கலாகத் தெரிந்தன. உள்ளே ஒரு கைலி, இரண்டு பீங்கான் தட்டுகள், ஒரு கடவுச்சீட்டு, நூல் கட்டிய கடிதக் கட்டு.

பாட்டனார் படம் எடுத்துக்கொள்வதை மார்க்கக் காரணத்தால் வாழ்நாள் முழுதும் தவிர்த்தவர். மகன்களின் நிக்காஹ்வில்கூடப் படக்காரரை வாசலோடு அனுப்பிவிட்டார். ஆயினும் அவர் முகம் எமக்குத் தெரியும். 1950களில் மலாயாவின் குடிநுழைவு விதிகள் இறுகியபோது கடவுச்சீட்டும் அதில் ஒட்டப் படமும் இன்றிக் கப்பலேற முடியாமற் போயிற்று. கட்டாயத்தின் பேரில் ஒருமுறை கேமராவின் முன் அமர்ந்தார். புருவத்தைச் சுருக்கி, சீக்கிரம் முடி என்பதுபோல் பார்க்கிறார். எம் குடும்பத்தில் அத்தலைமுறைக்குக் கிடைத்த ஒரே படம் அதுதான். பாட்டியார் கப்பலேறவில்லை, ஆகவே அவருக்குப் படமும் இல்லை. எம் பதின்மூன்றாம் வயதில் அவர் மௌத்தானார். அவர் குரலும் கையும் நமக்கு நினைவிருக்கின்றன. முகத்தைச் சொல்லிக் காட்டு என்று பிள்ளை கேட்டபோது, உம் தாயின் நெற்றியைப் பார் என்று மட்டும் சொல்ல முடிந்தது.

கடிதங்களைக் கண்டதும் பிள்ளை, இவை அரபியா என்றார். அரபு எழுத்துத்தான்; மொழி தமிழ். தமிழுக்கே உரிய ஒலிகளுக்காகப் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து நம் முன்னோர் அமைத்துக்கொண்ட அரபுத்தமிழ். பாட்டியாருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. வீட்டில் ஓதக் கற்றவர். ஆகவே அரபு எழுத்துத் தெரியும். நம் கரையோர ஊர்களில் எத்தனையோ பெண்கள் இவ்வாறே படிப்பறிவு பெற்றனர்; அரசின் கணக்கெடுப்பில் அவர்கள் எழுத்தறிவற்றோராக எழுதப்பட்டிருந்தால் வியப்பில்லை. கணவன் எழுதும் கடிதத்தை வேறொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லவேண்டிய கூச்சம் அவருக்கு இல்லாமற் போனது இவ்வெழுத்தால்தான். மொத்தம் பதினேழு கடிதங்கள். பிள்ளை ஒவ்வொன்றையும் சன்னலோர வெளிச்சத்தில் வைத்துப் படமெடுக்க, அதைத் திரையில் பெரிதாக்கி நாம் படித்துத் தமிழ் எழுத்தில் எழுதிவந்தோம். பெரும்பாலும் உண்டியல் பணம், மழைக்கு முன் ஓடு மாற்றியாயிற்றா, யார் வீட்டுக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பனவே. கணவன் மனைவி அன்பு என்று தனியே ஒரு வரியும் இல்லை. ஆனால் ஒவ்வொரு கடிதத்திலும் அவர் கண்வலி எப்படியிருக்கிறது என்ற கேள்வி உண்டு.

கட்டில் ஓர் இடைவெளி உண்டு. ஒரு கடிதத்தின் தேதி ஹிஜ்ரி 1360 ஷவ்வால் பிறை 20. அதாவது 1941 நவம்பர். அடுத்தது 1364 துல்கஃதா பிறை 10. அதாவது 1945 அக்டோபர். இடையில் ஒன்றுமில்லை. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் பினாங்கின்மீது குண்டு வீசின. அம்மாதமே தீவு அவர்கள் வசமாயிற்று. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் வீழ்ந்தது. கப்பல் நின்றது, கடிதம் நின்றது, பணமும் நின்றது. சோழமண்டலக் கரையின் எத்தனை வீடுகளில் அந்த நாலாண்டும் கணவர் உயிரோடு இருக்கிறாரா என்று அறியாத பெண்கள் இருந்தனர் என்பதை எண்ணிப் பாருங்கள். போர் வரலாறுகளில் அவர்கள் இல்லை. மரக்காயர் வரலாறுகளிலும் இல்லை.

ஃபிக்ஹு நூல்களில் இருக்கிறார்கள். காணாமற்போன கணவனை ‘மஃப்கூத்’ என்பர். நம் கரையில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில் இமாமின் பழைய கூற்று, நான்கு ஆண்டு காத்திருந்து பின் இத்தா இருந்து அவள் மறுமணம் செய்யலாம் என்பது. வலுவாகக் கொள்ளப்படும் புதிய கூற்று, அவன் இறப்பு உறுதியாகும்வரை அவள் அவன் மனைவியே என்பது. ஹனஃபீ மத்ஹபில் அவனுடைய வயதொத்தோர் மறையும் காலம்வரை என்றனர். மாலிக்கீ மத்ஹபு காழியிடம் முறையிட்டபின் நான்கு ஆண்டு என்று வகுத்தது. ஹனஃபீ அறிஞரான மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ அவர்கள், பெண்களின் துயர் கண்டு, இவ்விஷயத்தில் மாலிக்கீ கூற்றை மேற்கொள்ளலாம் என்று நூலே எழுதினார்கள். அந்த முயற்சிகளின் தொடர்ச்சியாக 1939இல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் வந்தது. கணவன் இருக்குமிடம் நான்கு ஆண்டுகள் தெரியாவிட்டால் மனைவி நீதிமன்றத்தை நாடலாம் என்பது அதன் முதல் பிரிவுகளுள் ஒன்று. போர் மூள்வதற்குச் சில மாதங்களுக்கு முன் வந்த சட்டம்!

பாட்டியாரின் இடைவெளியைக் கணக்கிட்டுப் பார்த்தோம். பிறைக் கணக்கில் நான்கு ஆண்டும் இருபது நாளும். ஆங்கில மாதக் கணக்கில் நான்கு ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் குறைவு. அவருக்கு அச்சட்டம் தெரியுமா, எவரும் எடுத்துச் சொன்னார்களா, சொல்லியிருந்தால் என்ன விடை கூறியிருப்பார்? உயிரோடிருந்த நாளில் அவரிடம் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அக்காலத்தைப் பற்றி அவர் சொல்லி நாம் கேட்டது ஒன்றே: நெல் அவித்துக் குத்திக் கொடுத்துக் கூலி வாங்கியதில் வலத்தோள் இறங்கிப்போயிற்று என்பார். நாம் அதை வயோதிகத்தின் முறையீடாக எண்ணியிருந்தோம். 1945ஆம் ஆண்டுக் கடிதம் மிகச் சிறியது. உயிரோடு இருக்கிறேன் என்பதும், கப்பல் கிடைத்ததும் வருவேன் என்பதும், கண்வலி எப்படியிருக்கிறது என்பதும். அவர் மறு ஆண்டு ஊர் வந்தார். அதற்கடுத்த ஆண்டு எம் வாப்பா பிறந்தார்கள்.

இதைப் படித்துக் காட்டியபின் பிள்ளை கடற்கரைக்குப் போவதை நிறுத்திவிட்டார். விடுப்பின் கடைசி வாரம் முழுவதும் வீட்டுக்குள்ளேயே படமெடுத்தார்: உரல், உலக்கை, பாட்டியார் சாய்ந்து தேய்ந்த திண்ணைத் தூண், அவர் ஓதிய குர்ஆன் பிரதியில் விரல் பட்டு மஞ்சளித்த ஓரங்கள். தெருவில் செய்தி பரவி, இன்னும் மூன்று வீட்டார் தங்கள் பெட்டிகளைக் கொண்டுவந்தனர். ஒன்றில் ராஜுலாவின் சீட்டின் கிழிந்த பாதி இருந்தது. இன்னொன்றில் அரபுத்தமிழ்க் கடிதங்கள் கறையான் தின்று தூளாகிக் கிடந்தன. அவ்வீட்டுப் பெண்மணி அந்தத் தூளையும் எறிய மனமின்றித் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு போனார். வாசகர்கள் வீட்டிலும் பெட்டிகள் இருக்கும். எழுத்துப் படிக்க வரவில்லை என்றால் ஊர் ஆலிமிடமோ வீட்டின் மூத்த பெண்களிடமோ காட்டுங்கள். படமெடுக்கும் முன் நூலை அவிழ்த்துக் கடிதங்களின் வரிசையைக் கலைத்துவிடாதீர்கள்.

பிள்ளை சென்னைக்குத் திரும்பிவிட்டார். பதினேழில் பதினொன்றைப் படித்து எழுதியாயிற்று. எஞ்சிய ஆறில் நான்கு, மை பரவியவை. அவற்றுக்கு வெயிலைச் சாய்வாக விழவைத்து வேறு வகையில் படமெடுக்கலாம் என்கிறார். ஈதுல் அள்ஹாவுக்கு வருகிறாராம். மற்ற இரண்டும் தெளிவாகவே உள்ளன; ஆனால் அவை பாட்டனாரின் கையெழுத்து அன்று. எழுத்துகள் பெரியவை, ஒவ்வொன்றும் தனித்தனியே ஊன்றி எழுதியவை. உறையில் பினாங்கு முகவரி இருக்கிறது, தபால் முத்திரை இல்லை.